மருத்துவமனைக்கு ஒதுக்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு பட்ஜெட்டைப் படிப்பது எப்படி என்று சிறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் வந்து நிற்கிறது. இத்தனை கோடி ஒதுக்கினார்களே, எங்கே போயிற்று, யார் கேட்பது என்று ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரே வரிசையில் சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழிக்குப் பக்கத்தில் வைத்துத் தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

மருத்துவம் மாநிலத்தின் பொறுப்பா, மத்திய அரசின் பொறுப்பா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆவது இனமாக உள்ளன. ஆகவே டாக்டர் சம்பளத்திலிருந்து படுக்கை விரிப்பு வரை பெரும்பகுதி மாநிலக் கருவூலத்தின் செலவு. மருத்துவக் கல்வியும் குடும்பக் கட்டுப்பாடும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. இதற்கு மேல் தேசிய சுகாதார இயக்கம் போன்ற திட்டங்களின் வழியாக மத்திய அரசும் பணம் தருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு அதன் பங்கு நூற்றுக்கு 60, மாநிலத்தின் பங்கு 40.

ஆகவே ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு சபைகள் ஒப்புதல் அளித்த பணம் கலந்து ஓடுகிறது. நிரந்தர மருத்துவ அலுவலரின் சம்பளம் கோட்டையில் வாக்கெடுத்த பணம். இயக்கத்தின் கீழ் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் செவிலியரின் ஊதியத்தில் பாதிக்கு மேல் தில்லியில் வாக்கெடுத்தது. கணக்குக் கேட்கும் இடமும் அதனால் இரண்டு.

பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள் என்றால் பணம் வந்துவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. பட்ஜெட் புத்தகத்தில் ஒரு செலவினத்துக்கு எதிரே பல பத்திகள் இருக்கும். வரும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, நடப்பு ஆண்டுக்கான மதிப்பீடு, அதே ஆண்டுக்குத் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டில் உண்மையில் செலவான கணக்கு. நாளிதழின் முதல் பக்கத்துக்கு வருவது முதல் பத்தி மட்டும்தான். கடைசிப் பத்தி அச்சாகும்போது அந்த ஆண்டு முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். அதை யாரும் தலைப்பாக்குவதில்லை.

என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: ஏதாவது ஒரு செலவினத்தை எடுத்து, இந்த வருடப் புத்தகத்தில் உள்ள மதிப்பீட்டையும் இரண்டு வருடம் கழித்து வந்த புத்தகத்தில் உள்ள கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் ஒருவருடைய அரசியல் பேச்சே மாறிவிடும்.

சரி, மானியக் கோரிக்கை என்று சட்டமன்றத்தில் பேசுகிறார்களே, அங்கே உறுப்பினரால் என்னதான் செய்ய முடியும்?

ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையைக் கேட்டு சபையின் முன்னால் வைப்பதுதான் மானியக் கோரிக்கை. தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கோரிக்கைக்கு எண் 19. அன்று அமைச்சர் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பையும் வைப்பார். தடித்த புத்தகம். துறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது என்பதை மறக்காமல் படித்தால் பயனுள்ள ஆவணம்.

உறுப்பினர் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கச் சொல்லலாம். கூட்ட முடியாது. ‘எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு இன்னும் 2 கோடி சேருங்கள்’ என்று அவர் பேசலாமே தவிர, அந்த 2 கோடியைத் தீர்மானமாகக் கொண்டுவர அவருக்கு அதிகாரம் இல்லை. செலவுக்கான கோரிக்கை அரசிடமிருந்துதான் வரவேண்டும். குறைப்பதற்கு வெட்டுத் தீர்மானம் என்று பெயர். மக்களவையில் அதில் மூன்று வகை: கொள்கையையே எதிர்த்து 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, சிக்கனத்துக்காக ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வது, ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்காக 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. பெரும்பான்மை அரசின் பக்கம் இருக்கும்வரை இவற்றில் எதுவும் வெற்றி பெறுவதில்லை. பெற்றால் அது அரசின் தோல்வியாகவே கொள்ளப்படும்.

டிவியில் பார்த்தால் சில நிமிடங்களில் லட்சக்கணக்கான கோடியை நிறைவேற்றிவிடுகிறார்களே, அது எப்படி?

மக்களவையில் அதற்குக் கில்லட்டின் என்று பெயர். எல்லாத் துறைகளின் கோரிக்கையையும் விவாதிக்க நேரம் இல்லை என்பதால் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார்கள். குறித்த நாளின் குறித்த நேரம் வந்ததும் மீதமுள்ள அத்தனையையும் சபாநாயகர் ஒன்றாக வாக்குக்கு விடுகிறார். தேர்ந்தெடுத்த பட்டியலில் சுகாதாரம் இல்லாத ஆண்டில் அதன் மொத்தத் தொகையும் ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் போய்விடும்.

2018இலும் 2023இலும் நடந்தது இதைவிட மோசம். அமளியில் நாட்கள் கரைந்து, எந்தத் துறையின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல் முழு பட்ஜெட்டும் கில்லட்டினில் நிறைவேறியது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைக் கைகாட்டும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் கைகாட்டும். பணம் மட்டும் கேள்வி இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் பணத்தை யாருமே பார்ப்பதில்லையா?

பார்க்கிறார்கள், கேமரா இல்லாத அறையில். நாடாளுமன்றத்தில் 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைந்தன. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். சுகாதாரம் மற்றும் குடும்ப நலக் குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குகிறது. பட்ஜெட் வைத்த பின் சபைகள் இடைவேளை விடும் நாட்களில் இந்தக் குழு சுகாதாரத் துறைச் செயலரை எதிரே உட்கார வைத்துக் கேட்கும்: போன ஆண்டு கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, மீதம் ஏன்?

இந்த வேலை எனக்குப் பிடித்தமானது. கட்சி பார்க்காமல் கேள்வி கேட்கும் உறுப்பினர்களை அங்கேதான் காணலாம் என்பது அந்த அறிக்கைகளைப் படித்தாலே தெரியும். ஆனால் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. கூட்டங்களுக்குப் பத்திரிகையாளர்களும் போக முடியாது. பிரிட்டனில் இதுபோன்ற குழுக்களின் விசாரணைகளைப் பெரும்பாலும் நேரலையாகவே பார்க்கலாம். நமக்கு அறிக்கை மட்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இந்தத் துறைவாரி நிலைக்குழு முறையே இல்லை. பக்கத்தில் கேரளத்தில் பாடக்குழு என்று வைத்திருக்கிறார்கள். நம்மிடம் கோரிக்கை நேரே சபைக்கு வந்து, அநேகமாக ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. இது நம் பக்கத்துப் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் நிலைக்குழுவும் ஒன்றா?

வேறு வேறு. நிலைக்குழு செலவுக்கு முன்னால் கேட்கிறது. பொதுக் கணக்குக் குழு செலவான பின்னால் கேட்கிறது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1921இல் தொடங்கியது. 22 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் இருக்கக்கூடாது. 1967இல் சுதந்திரா கட்சியின் மினு மசானி தலைவரானதிலிருந்து எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபு. தன் கணக்கைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பதுதான் காரணம்.

மாநிலச் சட்டமன்றங்களிலும் இதே பெயரில் குழு உண்டு. ஆனால் மரபு எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு இல்லை. 2021இல் அமைந்த தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகை தலைவரானார். விதிப்படி தவறு இல்லை. மரபின் நோக்கத்துக்கு உகந்ததா என்றால், இல்லை என்பேன்.

தணிக்கை என்றால் ரசீதுகளைச் சரிபார்ப்பதுதானே? அதில் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று எப்படித் தெரியும்?

ரசீது சரிபார்ப்பது ஒரு வகை. விதிகள் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது இன்னொரு வகை. மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது: செயல்திறன் தணிக்கை. ஒரு திட்டத்தின் நோக்கம் நிறைவேறியதா, கட்டிய கட்டடத்தில் டாக்டர் இருக்கிறாரா, வாங்கிய கருவி பெட்டியைவிட்டு வெளியே வந்ததா என்பதையெல்லாம் அது பார்க்கும். இவற்றைச் செய்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், செய்திகளில் சிஏஜி. அவருடைய அறிக்கைதான் பொதுக் கணக்குக் குழுவின் மூலப்பொருள்.

புதிய எய்ம்ஸ் மருத்துவமனைகளைப் பற்றிய 2018 அறிக்கையைப் பாருங்கள். 2006இல் ஒவ்வொரு எய்ம்ஸுக்கும் 332 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் அது 820 கோடியாகத் திருத்தப்பட்டது. விலைவாசி என்று சொல்லித் தப்ப முடியாதபடி, என்ன தேவை என்பதையே ஆரம்பத்தில் சரியாகக் கணக்கிடவில்லை என்று தணிக்கை எழுதியது.

ஒரே செல்போன் எண்ணில் ஏழரை லட்சம் பேர் காப்பீட்டில் சேர்ந்ததாகப் படித்தேன். அத்தனையும் மோசடியா?

நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய சிஏஜி அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 9999999999 என்ற எண்ணுக்கு எதிரே 7,49,820 பயனாளிகள். 8888888888 என்ற எண்ணுக்கு எதிரே 1,39,300 பேர். தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வரி: ஏழே ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இதெல்லாம் அச்சில் உள்ளவை.

ஆனால் ஏழரை லட்சமும் போலி ஆட்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. பதிவு செய்த ஊழியர் எண் தெரியாமலோ சோம்பலாலோ ஒன்பதைப் பத்து முறை அழுத்தியிருக்கலாம். செல்போன் எண்ணை வைத்துப் பயனாளியைச் சரிபார்ப்பதில்லை, தகவல் அனுப்பத்தான் அது என்று அரசும் பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. நியாயம் இல்லாத இடம் வேறு: கணினி அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொண்டது. சிகிச்சையின்போது இறந்துவிட்டதாகப் பதிவான 88,760 பேருக்கு, புதிய சிகிச்சை என்று 2,14,923 கோரிக்கைகள் பணம் வழங்கப்பட்டதாகக் காட்டின. என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இறந்தவர்களின் பெயரில் போன இந்தப் பணத்தைப் பற்றித்தான். செய்தியில் ஓடியது செல்போன் எண்.

தணிக்கைக் குறிப்பு தீர்ப்பு அல்ல. துறை விளக்கம் சொல்லலாம், சில குறிப்புகள் விளக்கத்துக்குப் பின் கைவிடப்படும். எந்த அறிக்கையைப் படித்தாலும் துறையின் பதில் என்ன என்று அதே பத்தியில் தேடுங்கள்.

அறிக்கையை அரசே பூட்டி வைத்துக்கொண்டால்?

வைத்துக்கொள்ள முடிகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, சிஏஜி அறிக்கை குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் வழியாகச் சபையில் வைக்கப்பட வேண்டும் என்கிறது; எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தில்லியில் 14 அறிக்கைகள் தேங்கிக் கிடந்து, உயர் நீதிமன்றம் கண்டித்து, ஆட்சி மாறிய பின் 2025 பிப்ரவரியில்தான் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று மருத்துவமனைகளைப் பற்றியது. கோவிட் காலத்தில் வந்த 787.91 கோடியில் 582.84 கோடிதான் செலவானது என்பது அதற்குள் இருந்தது. அந்த அலையில் தில்லி எப்படி மூச்சுத் திணறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரு எண்களையும் படித்தால்தான், அறிக்கை தாமதமாவதன் விலை புரியும்.

குழு கண்டுபிடித்தால் பணம் திரும்பி வருமா? யாராவது சிறைக்குப் போவார்களா?

குழுவால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது, அபராதம் விதிக்க முடியாது. பரிந்துரைக்கும், துறை குறித்த காலத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும், அந்தப் பதிலைப் பார்த்துக் குழு இன்னொரு அறிக்கை தரும். இந்த இரண்டாவது அறிக்கை மிக முக்கியம், மிகக் குறைவாகப் படிக்கப்படுவது. ‘பரிந்துரை குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று துறை எழுதியிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

குற்ற விசாரணை வேறு வழியில் வரும். உத்தரப் பிரதேசத்தில் ஊரக சுகாதார இயக்க நிதி முறைகேட்டில் சிபிஐ விசாரணைக்கு 2011 நவம்பரில் உத்தரவிட்டது அலகாபாத் உயர் நீதிமன்றம். எந்தக் குழுவும் அல்ல.

இதனால் குழு அறிக்கை வெறும் காகிதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுகாதார நிலைக்குழு 2012இல் மருந்து ஒழுங்குமுறை அமைப்பைப் பற்றித் தந்த அறிக்கை, இந்திய நோயாளிகளிடம் மருத்துவச் சோதனை நடத்தாமலே பல புதிய மருந்துகளுக்கு அனுமதி தரப்பட்டதை வெளியே கொண்டுவந்தது. 2016இல், மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்திய மருத்துவ கவுன்சிலைக் கண்டித்து எழுதியது. 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்து பழைய கவுன்சில் போயிற்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மே 9 அன்று, நிலைக்குழு அறிக்கைகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அறிக்கை சரியா தவறா என்று நீதிமன்றம் ஆராயாது. ஆனால் வழக்காடுபவர் அதைக் கையில் வைத்திருக்கலாம்.

மருந்துக்குப் பணம் இல்லை என்கிறார்கள். இன்னொரு பக்கம் நிதி செலவாகவில்லை என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான். கிராமப்புறத் தாய் சேய் நலத் திட்டங்களைப் பற்றி 2017இல் வந்த சிஏஜி அறிக்கையின்படி, 27 மாநிலங்களில் தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தைக் கையாளும் சுகாதாரச் சங்கங்களிடம் செலவாகாமல் இருந்த தொகை 2011-12இல் 7,375 கோடி. 2015-16இல் 9,509 கோடி.

வழி நீளமானது. தில்லியிலிருந்து பணம் மாநிலக் கருவூலத்துக்கு வர வேண்டும். 2014-15க்கு முன் அது நேரே சுகாதாரச் சங்கத்துக்குப் போனது; சட்டமன்றத்தின் கண்ணில் படாமலே போகிறது என்ற குறையால்தான் கருவூலம் வழியாக மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் கருவூலத்திலிருந்து சங்கத்துக்குப் போக 50 நாள் முதல் 271 நாள் வரை தாமதம் ஏற்பட்டதாக அதே அறிக்கை சொல்கிறது. பிறகு மாவட்டம், பிறகு வட்டாரம். ஜனவரியில் கைக்கு வரும் பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும். முந்தைய தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராவிட்டால் அடுத்த தவணை வராது. செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால் அந்தச் சம்பளமும் ‘சேமிப்பு’ என்றுதான் கணக்கில் ஏறும்.

எனவே செலவாகாத பணம் என்ற செய்தியைப் பார்த்ததும் அக்கறையின்மை என்று திட்டுவதற்கு முன்னால், பணம் எந்த மாதத்தில் வந்தது என்று கேளுங்கள். நல்ல குழு உறுப்பினர் முதலில் கேட்பதும் அதுதான்.

விதி 110இன் கீழ் முதலமைச்சர் ஒரு மருத்துவமனையை அறிவித்தால், அதற்குப் பணம் எங்கே இருக்கிறது?

அறிவிக்கும் நிமிடத்தில் எங்கேயும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாடு சட்டமன்ற விதி 110 அமைச்சர் ஒருவர் அறிக்கை படிக்க வழி செய்கிறது. அதன் மீது அப்போது விவாதம் கிடையாது. பணம் பின்னால், ஆண்டின் நடுவில் கூடுதல் தொகை கேட்கும் துணை மானியக் கோரிக்கையிலோ அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலோ வர வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இது வசதியான விதி. அறிவிப்பின் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் துணைக் கோரிக்கைப் புத்தகத்தில் தேடுங்கள்.

2021இல் தடுப்பூசிக்கு 35,000 கோடி என்றார்கள். சுகாதாரத் துறையின் கணக்கில் அந்தத் தொகையைக் காணோமே?

நன்றாகத் தேடியிருக்கிறீர்கள். அது சுகாதார அமைச்சகத்தின் கோரிக்கையில் இல்லை. நிதி அமைச்சகத்தின் கீழ் ‘மாநிலங்களுக்கு மாற்றங்கள்’ என்ற 40ஆவது கோரிக்கையில் வைத்திருந்தார்கள். அப்படியானால் மாநிலங்களுக்குத்தான் அந்தப் பணமா என்று 2021 மே மாதத்தில் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தத் தலைப்பில் இருப்பதால் மத்திய அரசு செலவழிக்க முடியாது என்று பொருளல்ல என்று நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது.

சுகாதாரச் செலவு பல இடங்களில் சிதறிக் கிடப்பது புதிதல்ல. இஎஸ்ஐ மருத்துவமனைகள் தொழிலாளர் துறையின் கீழ் வருகின்றன. ரயில்வே மருத்துவமனைகள் ரயில்வேயிடம், முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டம் பாதுகாப்புத் துறையிடம். சுகாதார நிலைக்குழு இவற்றைப் பார்ப்பதில்லை; அந்தந்தத் துறையின் குழுவுக்கு இவை எத்தனையோ விஷயங்களில் ஒன்று. முழுச் சித்திரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் குழு எதுவும் நாடாளுமன்றத்தில் இல்லை.

என் வருமான வரியில் சுகாதார செஸ் பிடிக்கிறார்கள். அது ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறதா?

2018 பட்ஜெட்டிலிருந்து கல்வி, சுகாதாரம் இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீத செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வரியின் மேல் வாங்கும் கூடுதல் வரி. முதலில் அது மற்ற வரிகளோடு சேர்ந்து, அரசின் வருவாயெல்லாம் சேரும் தொகுப்பு நிதிக்குப் போகும். அங்கிருந்து தனி நிதிக்கு மாற்ற வேண்டும். சுகாதாரப் பங்குக்கென்று பிரதம மந்திரி ஸ்வாஸ்திய சுரக்ஷா நிதி என்ற, ஆண்டு முடிவில் காலாவதியாகாத தனி நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2021 மார்ச்சில். அதாவது வசூல் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து.

இன்னொன்று. செஸ் தொகையை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. முதல் பதிலில் சொன்னபடி மருத்துவமனைகளை நடத்துவது மாநிலங்கள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லி வாங்கும் செஸ்ஸில் அவற்றுக்கு உரிமைப் பங்கு கிடையாது.

பிஎம் கேர்ஸ் நிதியை இந்தக் குழுக்கள் விசாரிக்கலாமா?

கோவிட் போன்ற அவசர நிலைகளுக்கென்று நன்கொடை திரட்ட, 2020 மார்ச் 27 அன்று பொது அறக்கட்டளையாகப் பதிவான நிதி அது. பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போவதில்லை, ஆகவே அரசின் நிதி அல்ல என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சிஏஜி அதைத் தணிக்கை செய்வதில்லை. தனி ஆடிட்டர் செய்கிறார். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சிஏஜி தணிக்கைக்கு இடமில்லை என்றது. தணிக்கை அறிக்கை இல்லாத இடத்தில் பொதுக் கணக்குக் குழுவுக்குப் பிடி இல்லை.

என் ஆட்சேபம் எளிமையானது. அந்த நிதியின் முதல் ஒதுக்கீட்டில் 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி. அவை போய்ச் சேர்ந்தது அரசு மருத்துவமனைகளுக்கு. கருவி வேலை செய்ததா என்று அந்த வார்டுக்குள் நின்று கேட்க முடிகிற தணிக்கையாளருக்கு, வாங்கியவரின் கணக்கைக் கேட்க வழி இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டில் தனியார் மருத்துவமனைக்குப் பணம் போகிறதே, அங்கே சிஏஜி நுழைய முடியுமா?

தனியார் மருத்துவமனையின் சொந்தக் கணக்குப் புத்தகத்தை அவர் வழக்கமாகத் திறப்பதில்லை. பணம் கொடுத்த அரசு முகமையின் கணக்கையும் தரவுகளையும் முழுமையாகப் பார்க்கலாம். மேலே சொன்ன 88,760 பேர் விவகாரம் வெளிவந்தது இப்படித்தான், கணினிப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து. நோயாளியிடம் கையில் தனியாக வாங்கிய பணம் எந்தக் கணினியிலும் ஏறாது. அது வெளியே வர நோயாளியின் புகார் ஒன்றே வழி.

அரசு மாத்திரை வாங்குவது ஒரு கம்பெனி என்கிறார்களே. கம்பெனியைச் சட்டமன்றம் கேள்வி கேட்க முடியுமா?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டைகள் அது வாங்கியவை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இத்தனை ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று வரவு வைத்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டு வருவார்கள். பல மாநிலங்கள் வந்து பார்த்துப்போன முறை இது.

கேள்வி கேட்க முடியும். அரசு நிறுவனங்களையும் சிஏஜி தணிக்கை செய்கிறார். அவை சட்டமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழுவுக்குப் போகின்றன. பொதுக் கணக்குக் குழு அறிக்கைகளில் மருந்தைத் தேடி ஏமாறுகிறவர்கள் இந்தக் குழுவின் அறிக்கைகளைப் பார்க்கலாம்.

எம்.பி. கேள்வி கேட்டால் பதில் வருகிறது. அதனால் ஒரு செங்கல்லாவது நகருமா?

செங்கல் என்றதும் மதுரை எய்ம்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. 2018 டிசம்பரில் 1,264 கோடிக்கு ஒப்புதல். 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் அடிக்கல். பிறகு மதிப்பீடு 1,977.80 கோடியானது, அதில் 1,627.70 கோடி ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைக்காவின் கடன். கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில். 2022இல் மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூரில் கட்டுமானம் தொடங்கியது 2024இல்.

கடனுக்காகக் காத்திருக்கிறோம், மதிப்பீட்டைத் திருத்துகிறோம் என்ற விவரங்களெல்லாம் அடுத்தடுத்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளாலும் தகவல் உரிமை மனுக்களாலும் வெளியே வந்தவை. கேள்வி கட்டடம் கட்டாது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தை அமைச்சர் எழுத்தில் தர வேண்டியிருக்கிறது, அடுத்த பதில் முந்தைய பதிலோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அமைச்சர் சபையில் ‘பரிசீலித்து நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகி, அரசு உறுதிமொழிக் குழு அதைத் துரத்தும். உங்கள் எம்.பி.யிடம் கேள்வியை எழுதிக் கொடுங்கள். சபையில் வாய்மொழிப் பதில் இல்லாத, நட்சத்திரக் குறியில்லாத கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்துப் பதில்தான் வேண்டும்.

நாட்டின் உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு என்றார்களே. அது வராததற்கு எந்தக் குழு கேட்கும்?

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் 2.5 சதவீதம் என்றது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது 1.84 சதவீதம், 2013-14இல் அது 1.15. ஏற்றம் உண்டு, இலக்கு எட்டவில்லை. சுகாதார நிலைக்குழு இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது. ஆனால் கொள்கை சட்டம் அல்ல. இலக்கைத் தவறவிட்டால் யார்மீதும் விதி மீறல் கிடையாது. தணிக்கையாளர் கேட்க முடிந்தது கொடுத்த பணத்தைப் பற்றி. கொடுக்காத பணத்தைப் பற்றிக் கேட்பது தேர்தலில் நிற்பவர்களின் வேலை.

இவ்வளவும் சரி. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு வந்தது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பட்ஜெட் புத்தகத்தில் உங்கள் ஊரின் பெயர் இருக்காது. 2210 என்ற தலைப்பு எண்ணைத் தேடுங்கள். மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். இந்தியா முழுவதும் எல்லா மாநிலங்களிலும் இதே எண்தான். அதற்குள் 03 ஊரக மருத்துவச் சேவை, அதற்குள் 103 ஆரம்ப சுகாதார நிலையங்கள். மாநிலம் முழுவதற்குமான தொகை அங்கே கிடைக்கும். கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4210இல்.

ஊர் அளவுக்கு இறங்க வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம்தான். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ‘எவ்வளவு பணம் வந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கடந்த நிதியாண்டின் மருந்து பாஸ்புக் நகல், மருந்து இருப்புப் பதிவேட்டில் குறிப்பிட்ட மூன்று மாதப் பக்கங்கள், நோயாளர் நலச் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையும் கூட்டத் தீர்மானங்களும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் நிரப்பப்பட்டவையும். நகலுக்குப் பதில் நேரில் பார்வையிடவும் சட்டம் உரிமை தருகிறது. போகும்போது இருப்புப் பதிவேட்டை நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற மருந்தாளுநர் யாராவது கிடைத்தால் அவரை, உடன் அழைத்துப் போங்கள்.